புயலை நினைவு வைத்திருக்கும் ஊர்கள்

ஜேர்மனியின் வடகடலோரத் துறைமுகங்கள் சிலவற்றில், படகுகள் கட்டும் இடத்துக்கு அருகே ஒரு கம்பம் நடப்பட்டிருக்கும். கம்பத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடுகள். ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் ஓர் ஆண்டு. 1634, 1825, 1962, 1976. கடல் ஊருக்குள் வந்த இரவுகளில் தண்ணீர் எந்த உயரத்தில் நின்றது என்பதற்கான அடையாளங்கள் அவை. கம்பத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் எமது தலைக்கு மேல் எவ்வளவு தண்ணீர் நின்றிருக்கும் என்பது விளங்கும். உல்லாசப் பயணிகள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஊர்க்காரர்கள் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அவர்களுக்கு அது மனப்பாடம்.

நாங்களும் கரையோர மக்கள்தான். வல்வெட்டித்துறை, மயிலிட்டி, மன்னார், முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று எம்மில் பலருடைய ஊர்ப்பெயரைச் சொன்னாலே கூடவே கடலும் வந்துவிடும். காற்றுக்கு வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று திசைக்கொரு பெயர் வைத்திருந்த மக்கள் நாம். ஆனால் கம்பம் நட்டு வெள்ளத்தின் உயரத்தைக் கோடாக வெட்டும் வழக்கம் எமது கரைகளில் இருந்ததில்லை. அதனால் எமது ஊர்கள் புயலை மறந்துவிட்டன என்பதல்ல. கலியாணம் எப்போது நடந்தது என்று கேட்டால், "சூறாவளிக்கு முந்தின ஆவணி" என்பார்கள். வீடு கட்டியதைக் கேட்டால், "புயலுக்குப் பிறகு, ஓடு போட்ட வருஷம்" என்பார்கள். கோடு மரத்தில் இல்லை, வாயில் இருந்தது. அந்த வாய்கள் இன்று ஹம் நகரிலும் ஸ்ருட்காட்டிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் இருக்கின்றன.

சனம் இடம்பெயரும்போது ஓர் ஊரின் புயல் நினைவுக்கு என்ன நடக்கிறது? புதிதாக வந்து சேர்ந்த இடத்தின் புயல் நினைவு தெரியாமல் வாழ்கிறவர்களுக்கு என்ன நடக்கிறது? நாம் வந்து ஒதுங்கிய இந்த நாட்டின் வரலாற்றிலேயே இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடக்கிறது.

டென்மார்க் எல்லையை ஒட்டிய வடபிறீஸ்லாந்துக் கரையிலிருந்து தொடங்குவோம். 1362ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி அடித்த புயலில் கடல் எழுந்து இக்கரையைத் தின்றது. அந்த வெள்ளத்துக்கு மக்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'பெரும் ஆள்மூழ்கடிப்பு' என்று வரும். றுங்ஹோல்ட் என்ற வணிகத்துறை அன்று அழிந்தது. அதன் பிறகு நூற்றாண்டுகளாக றுங்ஹோல்ட் ஒரு கதையாகவே இருந்தது. செல்வச் செருக்கில் குடித்துக் கிடந்த சிலர், ஒரு பன்றியைக் கட்டிலில் கிடத்திப் போர்த்திவிட்டு, நோயாளி சாகக் கிடக்கிறார் என்று பாதிரியாரை அழைத்து, அதற்கு இறுதிச் சடங்கு செய்யச் சொன்னார்களாம். அவமதிக்கப்பட்ட பாதிரியார் ஆண்டவனிடம் முறையிட, அன்றிரவே கடல் வந்ததாம். காற்றில்லாத நாட்களில் தண்ணீருக்கடியில் கோயில் மணி கேட்கும் என்றும் சொன்னார்கள்.

படித்தவர்கள் பலர் இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கிவைத்திருந்தபோது, அதைத் தேடிப் போனவர் ஒரு விவசாயி. நோர்ட்ஸ்ராண்டைச் சேர்ந்த அன்ட்றேயாஸ் புஷ் என்பவர். 1920களில், கடல் வற்றும் நேரங்களில் சேற்றுவெளியில் நடந்து, சூட்பால் என்ற சிறு தீவுக்கு அருகே பழைய கிணறுகளின் அடித்தளங்களையும் மதகுகளின் மரச்சட்டங்களையும் கண்டு, அளந்து, வரைந்து வைத்தார். ஒரு நூற்றாண்டு கழித்து, 2023இல், அதே சேற்றுவெளியில் ஏறக்குறைய 40 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் கொண்ட ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தை ஆய்வாளர்கள் கருவிகளால் கண்டுபிடித்தார்கள். றுங்ஹோல்டின் கோயில் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர்களின் முடிவு. மணிச்சத்தம் கேட்டதோ என்னவோ, கோயில் இருந்தது.

கரை ஏன் இவ்வளவு எளிதாகத் தின்னப்பட்டது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அக்கால மக்கள் உப்பூறிய கரிமண்ணை வெட்டி எரித்து, சாம்பலிலிருந்து உப்பெடுத்து விற்றார்கள். வெட்ட வெட்ட நிலம் தாழ்ந்தது. தாழ்ந்த நிலத்தைச் சுற்றி இருந்த அணைகளோ உயரம் போதாதவை. கதை பாவத்தின்மேல் பழி போடுகிறது, மண்ணாய்வு உப்பின்மேல் போடுகிறது. மனிதர் கைவைத்ததால் வந்த அழிவு என்பதில் இரண்டும் ஒரே பக்கம்தான் நிற்கின்றன.

இந்தக் கதை எமக்குப் புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதற்கு மணிமேகலை சொல்லும் காரணம், சோழன் தன் மகனைத் தேடும் துயரில் இந்திரவிழாவை மறந்துவிட்டான் என்பது. அங்கே திருவிழா, இங்கே பன்றி. கடல்கோள் என்ற ஒரு சொல்லையே வைத்திருக்கிற மொழி எமது. ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். கடல் கொண்ட குமரிக்கண்டத்தைப் பற்றி மேடைமேடையாகப் பேசிய எமது பேச்சாளர்கள், 1964இல் கடல் கொண்டுபோன மீனவர்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதிவைப்பதைப் பெரிய காரியமாக நினைக்கவில்லை. பல்லாயிரம் ஆண்டுக்கு முந்திய அழிவு பெருமை தரும். நேற்றைய அழிவு கணக்குக் கேட்கும்.

மறுபடி வடகடலுக்கு வருவோம். 1634ஆம் ஆண்டு ஒக்ரோபர் 11ஆம் திகதி இரவு இன்னொரு புயல். அதுவரை ஸ்ராண்ட் என்ற ஒரே தீவாக இருந்த நிலம் அன்றிரவு உடைந்தது. மிஞ்சியவைதான் இன்றைய நோர்ட்ஸ்ராண்டும் பெல்வோர்மும். அந்தத் தீவில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். நிலம் மீட்கும் வேலைக்காக அப்பகுதியில் தங்கியிருந்த ஒல்லாந்துப் பொறியியலாளர் லேஹ்வாற்றர் மகனோடு அன்றிரவு உயிர்தப்பி, கண்டதை எழுதிவைத்தார். அக்கரையில் எழுதத் தெரிந்த ஒருவர் இருந்தது அந்தப் புயலின் அதிர்ஷ்டம் என்று சொல்லத் தோன்றுகிறது.

எமக்கு அதிகம் உறைப்பது அதற்குப் பிறகு நடந்த கதைதான். அக்கரையில் ஒரு பழைய சட்டம் இருந்தது. காணி வைத்திருப்பவர் தன் பங்கு அணையைத் தானே கட்டிக் காக்க வேண்டும். முடியாதவர் தன் மண்வெட்டியை அணையில் குத்தி நிறுத்திவிட்டு, காணியையும் விட்டு, ஊரைவிட்டுப் போக வேண்டும். அந்த மண்வெட்டியைப் பிடுங்கி எடுப்பவருக்குக் காணியும் சொந்தம், அணையும் பொறுப்பு. அணை கட்டாதவன் அகலவேண்டும் என்று பழமொழியே உண்டு. 1634இல் குடும்பத்தையும் மாடுகளையும் இழந்து நின்ற நோர்ட்ஸ்ராண்ட் மக்களால் அணையைத் திருப்பிக் கட்ட முடியவில்லை. பதினெட்டு ஆண்டுகள் பார்த்துவிட்டு, 1652இல் அந்நிலத்தை ஆண்ட கோமகன் ஒல்லாந்து, பிறபான்ற் பகுதிகளைச் சேர்ந்த பணக்கார அணைகட்டுநர்களுக்குச் சிறப்புரிமைகளோடு அதை எழுதிக் கொடுத்துவிட்டார். பரம்பரையாக இருந்தவர்கள் உரிமை இழந்தார்கள். பலர் வெளியேறினார்கள். ஓர் இயற்கை அழிவு முடிந்த பிறகு, காணி யார் கைக்குப் போகிறது என்பதில் அரசு கைவைக்கும் இந்தக் கட்டத்தைப் படிக்கும்போது, கிழக்கிலங்கையிலிருந்து வந்த வாசகருக்கு என்னென்ன நினைவு வரும் என்பதை நாம் விரித்துரைக்கத் தேவையில்லை.

இந்த அணைகளின் கதையை உலகம் அறியச் செய்தவர் ஹூசும் நகரத்துத் தியோடோர் ஸ்ரோர்ம். அவருடைய குடும்பப் பெயரின் பொருளே புயல்தான். 1888இல், இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு வெளியான 'வெண்குதிரை வீரன்' என்ற குறுநாவலில், புதிய அணை நிலைக்க வேண்டுமானால் உயிருள்ள ஏதாவது ஒன்றை அதனுள் புதைக்க வேண்டும் என்று தொழிலாளர்கள் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிப் போடும் இடம் வரும். குளக்கட்டுக்கும் பாலத்துக்கும் பலி கேட்கிறது என்று எமது ஊர்களில் பிள்ளைகளைப் பயமுறுத்திய கதைகளை அறிந்தவர்களுக்கு அந்தப் பக்கங்கள் அந்நியமாக இராது. இன்னொரு செய்தி. ஸ்ரோர்ம் சட்டத்தரணியாக இருந்தவர். டேனிஷ் ஆட்சியை எதிர்த்ததால் தொழில் அனுமதியை இழந்து, 1853இல் ஊரைவிட்டுப் போய், 1864 வரை வேற்றூர்களில் வாழ்ந்தார். ஊர்க் கடலை எழுதியவர் பதினொரு ஆண்டுகள் கடலில்லாத ஊர்களில் இருந்தவர்.

அடுத்தது ஹம்பேர்க். 1962 பெப்ரவரி 16, வெள்ளிக்கிழமை இரவு. அன்றைய புயலுக்கு வின்சினெற்ற என்று பெயர். வானொலி எச்சரித்தது, ஆனால் வடகடலோரத்துக்கென்று எச்சரித்தது. ஹம்பேர்க் கடலிலிருந்து நூறு கிலோமீற்றர் உள்ளே, எல்ப ஆற்றின்மேல் இருக்கும் நகரம். தாம் கடலோரத்தில் இருப்பதாக அந்நகரத்து மக்கள் நினைக்கவேயில்லை. அவர்கள் படுத்துறங்கினார்கள். புயல் கடல்நீரை ஆற்றுவாய்க்குள் தள்ளியது. நள்ளிரவுக்குப் பிறகு அணைகள் அறுபது இடங்களளவில் உடைந்தன. சாங்க்ற் பவுலி நீர்மட்டக் குறியில் 5.70 மீற்றர் பதிவானது. ஹம்பேர்க்கில் மட்டும் 315 பேர் இறந்தார்கள். அவர்களில் 200க்கு மேற்பட்டோர் வில்ஹெல்ம்ஸ்பூர்க் என்ற ஆற்றுத்தீவுப் பகுதியில் இறந்தவர்கள். அப்போது காவல்துறைக்குப் பொறுப்பாக இருந்தவர், பின்னாளில் பிரதமரான ஹெல்முட் ஷ்மிட். சட்டம் இடங்கொடுக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் இராணுவத்தையும் நேச நாட்டு ஹெலிகொப்ரர்களையும் அழைத்தார் என்பதை ஜேர்மனியர் இன்றும் சொல்லுவார்கள். ஜேர்மனியில் அந்த வெள்ளம் என்றாலே ஷ்மிட்டின் கதைதான்.

இறந்தவர்களின் கதை அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. வில்ஹெல்ம்ஸ்பூர்க்கில் அதிகம் செத்தவர்கள் தோட்டக் குடில்களில் இருந்தவர்கள். வார இறுதியில் பூவும் கிழங்கும் வளர்க்கவென்று நகரத்தார் வாடகைக்கு எடுக்கும் சின்னத் தோட்டங்களில் உள்ள பலகைக் குடில்கள் அவை. 1943 குண்டுவீச்சில் வீடிழந்தவர்களும், போர் முடிந்தபின் கிழக்குப் பகுதிகளிலிருந்து துரத்தப்பட்டு வந்த அகதிகளும் வேறு இடமில்லாமல் அவற்றில் குடியேறியிருந்தார்கள். தற்காலிகம் என்று போனவர்கள் பதினைந்து, பதினெட்டு வருடங்களாக அங்கேயே இருந்தார்கள். தற்காலிகம் என்ற சொல் எப்படி நீளும் என்பது எமக்குத் தெரியும்.

அந்தத் தாழ்நிலத்தில் கடைசியாகப் பெருவெள்ளம் வந்தது 1855இல். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதால் பழங்குடிகளிடமே நினைவு மங்கியிருந்தது. சைலீசியாவிலிருந்தோ கிழக்குப் பிரஷ்யாவிலிருந்தோ வந்த ஒருவருக்கு, தான் படுத்திருக்கும் தரை ஆற்றின் உயர்நீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது என்று யார் சொல்வார்கள்? மலிவாகக் கிடைக்கும் நிலம் ஏன் மலிவு என்பது கடைசியில் வருபவனுக்குத் தெரிவதில்லை. போரில் தப்பி வந்தவர்கள் அங்கே ஓர் இரவில் நீரில் போனார்கள். பின்னாளில் வில்ஹெல்ம்ஸ்பூர்க்கில் துருக்கியரும் போர்த்துக்கேயரும் வேறு நாட்டவரும் பெருமளவில் குடியேறினார்கள். மறுபடியும் அந்தத் தீவில், 1962ஐ அறியாத சனம்.

நகரம் பாடம் படித்தது என்பதையும் சொல்ல வேண்டும். அணைகள் உயர்த்தப்பட்டன. 1976 ஜனவரி 3ஆம் திகதி அதே குறியில் தண்ணீர் 6.45 மீற்றருக்கு வந்தது. 1962ஐவிட முக்கால் மீற்றர் அதிகம். ஹம்பேர்க்கில் 1962 போன்ற அழிவு நேரவில்லை. 2013 டிசம்பரில் சாவர் என்ற புயலில் 6.09 மீற்றர். அதையும் நகரம் தாங்கியது. ஹாலிக் எனப்படும், அணையில்லாத பத்துச் சிறு தீவுகளில், மண்மேட்டின்மேல் வீடு கட்டி வாழும் மக்கள், 1962க்குப் பிறகு வீட்டின் மேல்தளத்தில் ஓர் அறையைத் தனியான கொங்கிறீற் தூண்களில் நிறுத்திக்கொண்டார்கள். சுவர்களைக் கடல் கொண்டுபோனாலும் அந்த அறை நிற்கும்.

இனி எமது கரை.

1964 டிசம்பர் 22. திருகோணமலைக்கும் மன்னாருக்கும் இடையில் வட இலங்கையைக் குறுக்கறுத்துப் போன புயல், அன்றிரவு பாக்குநீரிணையைத் தாண்டித் தனுஷ்கோடியை அடித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த 653ஆம் இலக்கப் பயணிகள் வண்டி, ஊரை அடையும் தறுவாயில், அதிலிருந்த அனைவரோடும் கடலுக்குள் போனது. அதிகாரபூர்வக் கணக்கு 115 பேர். பற்றுச்சீட்டு இல்லாமல் ஏறியவர்களைச் சேர்த்தால் இன்னும் அதிகம் என்பார்கள். இரு நாடுகளிலும் சேர்த்து 1,800 பேர் வரை மாண்டதாக மதிப்பிடப்பட்டது. வாழத் தகுதியற்ற ஊர் என்று தனுஷ்கோடியை அரசு அறிவித்தது.

எமது மூத்தவர்களுக்குத் தனுஷ்கோடி வெறும் ஊர்ப்பெயர் அல்ல. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து, எழும்பூரில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் இறங்கிக் கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகும் வழி அது. சிதம்பர தரிசனம், திருச்சியில் படிப்பு, கூறைச்சேலை வாங்குதல் எல்லாம் அந்த வழியில்தான் நடந்தன. புயலுக்குப் பிறகு கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. 1980களின் முற்பகுதியில் போர் அதையும் நிறுத்தியது. பிறகு அதே நீரிணையை எமது சனம் இரவில் மீன்பிடி வள்ளங்களில் கடந்தது. ஒரு கடல்வழியைப் பாதி புயலும் மீதி போரும் மூடின என்று இன்று எழுதும்போது சுலபமாக இருக்கிறது. வள்ளத்தில் இருந்தவர்களுக்கு அப்படி இருக்கவில்லை.

அன்றிரவு தொழிலுக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றிய கதைகள் வடக்கின் கரையோரக் கிராமங்களில் நெடுநாள் இருந்தன. உடல் கிடைக்காததால் தாலி கழற்ற மறுத்த பெண்கள், இந்தியக் கரையில் எங்கோ ஒதுங்கியிருப்பார் என்று காத்திருந்த தாய்மார். காணாமல் போனவருக்காகக் காத்திருத்தல் எமது சனத்துக்குப் போரோடு வந்த அனுபவம் என்று நினைக்கிறோம். கரையூர்ப் பெண்களுக்கு அது அதற்கு முன்பே தெரிந்திருந்தது.

1978 நவம்பர் 23 மட்டக்களப்பினுடைய நாள். வியாழக்கிழமை. பின்னேரம் தொடங்கிய காற்று இரவில் உச்சத்துக்குப் போனது. வானொலி சொன்னது, ஆனால் சூறாவளி என்றால் என்ன என்று ஊரில் அனுபவத்தில் அறிந்தவர்கள் குறைவு. சூறாவளியின் கண் நேராகக் கடந்துபோகும் இடத்தில் காற்று இரண்டு தடவை அடிக்கும். மேற்கு நோக்கி நகரும் புயலில் முதலில் வடக்கிலிருந்து வரும். பிறகு திடீரென்று ஓய்வு. வானம்கூடச் சற்று வெளிக்கும். முடிந்துவிட்டது என்று சனம் பிள்ளைகளைத் தேடவும் மாட்டை அவிழ்க்கவும் வெளியே இறங்கும். அப்போது தெற்கிலிருந்து மறுகாற்று வரும். முதல் காற்றில் ஆடித் தளர்ந்து நின்ற மரமும் சுவரும் மறுகாற்றில்தான் விழும். அன்றிரவைப் பற்றிச் சொல்பவர்கள் எல்லோரும் அந்த ஓய்வைப் பற்றிச் சொல்லாமல் விடுவதில்லை.

அரச கணக்கில் ஏறக்குறைய 915 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டோர் பத்து லட்சத்துக்கு மேல். சேதமடைந்த கட்டடங்கள் இரண்டரை லட்சம் அளவில். மாவட்டத்தின் மீன்பிடி வள்ளங்களில் ஐந்திலொரு பங்கு போயிற்று. பதினொரு நெற்களஞ்சியங்களில் ஒன்பது அழிந்தன. தென்னந்தோட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு, அதாவது 28,000 ஏக்கர் அளவில், சரிந்தது. விடிந்தபோது ஊர் அடையாளம் தெரியவில்லை என்பார்கள். எழுவான்கரையில் நின்றால் இந்தப் பக்கம் கடலும் அந்தப் பக்கம் வாவியும் ஒருசேரத் தெரிந்ததாம். நடுவில் மறைத்து நின்ற தென்னைகள் இல்லை. கிடுகுக்கும் வழியில்லை, தேங்காய்க்கும் வழியில்லை, கயிற்றுக்கும் தும்புக்கும் வழியில்லை.

தென்னை காய்க்க ஆறேழு வருடம் எடுக்கும். 1979இல் நட்ட கன்று 1985, 1986இல்தான் பாளை விட்டிருக்கும். அந்த வருடங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கன்றை நட்டுத் தண்ணீர் ஊற்றிய இளைஞர்கள் பலர் அப்போது காட்டிலோ சிறையிலோ இருந்தார்கள். வேறு சிலர் கிழக்கு பேர்ளினில் விமானத்தால் இறங்கி, புகையிரதத்தில் மேற்குக்கு வந்து, ஏதோவொரு முகாமில் விசாரணைக்குக் காத்திருந்தார்கள். தாம் நட்ட மரத்தின் முதல் குரும்பையைக் காணாதவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள்.

அதன்பின் நடந்தவை சூறாவளியின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. 1990இன் படுகொலைகளும் இடப்பெயர்வும், 2004 டிசம்பர் 26இன் சுனாமி, 2009. "எல்லாம் போன வருஷம்" என்று ஒரு கிழக்குத் தாய் சொன்னால், எந்த வருஷம் என்று கேட்டறிய வேண்டியிருக்கிறது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சுனாமி தெரியும், ஏனென்றால் தொலைக்காட்சி காட்டியது. சூறாவளி தெரியாது.

புயல்களுக்குப் பெயரும் இருக்கவில்லை. பேர்ளின் சுதந்திரப் பல்கலைக்கழகம் 1954 முதல் ஐரோப்பாவின் தாழமுக்கங்களுக்குப் பெயர் வைக்கிறது. 2002 முதல் காசு கட்டினால் எவரும் தமது பெயரை ஒரு தாழமுக்கத்துக்கு வைக்கலாம் என்பது ஜேர்மனியருக்கே உரிய ஒழுங்கு. வங்கக்கடலின் புயல்களுக்குப் பெயர் வைக்கும் முறை 2004இல்தான் வந்தது. ஆகவே எமது இரண்டு பெரும் புயல்களும் வெறும் 'புயல்', வெறும் 'சூறாவளி'. பெயர் தேவைப்படாத அளவுக்கு அவை ஒவ்வொன்றே இருந்தன. வயதுபோன பின் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்த தாய்மார் சிலருக்குப் பத்திரங்களில் உள்ள பிறந்த திகதியைவிட நிச்சயமாகத் தெரிந்த திகதி சூறாவளியினுடையது. "அதுக்கு எனக்கு முப்பது நடக்குது, நடுவில் பிள்ளை வயித்தில" என்று அதிலிருந்து முன்னும் பின்னும் எண்ணிச் சொல்வார்கள். விண்ணப்பப் படிவத்தில் அதற்கு இடமில்லை.

இந்த நாட்டில் நாமே கண்ட புயல்களும் உண்டு. 1990இல் ஜனவரி முடிவிலிருந்து மார்ச் முதல் நாள் வரை டாறியா, விவியன், வீப்க என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது எம்மில் பலர் இன்னும் அகதி விடுதிகளில் இருந்தோம். ஓட்டுக் கூரை பறப்பதைப் பார்த்து, இதை ஏன் சூறாவளி என்று சொல்லாமல் ஓர்க்கான் என்கிறார்கள் என்று விவாதித்தோம். 2007 ஜனவரி 18இல் கிரில் வந்தபோது நாடு முழுவதும் தூரப் புகையிரதங்கள் நிறுத்தப்பட்டன. எம்மவர் அதிகம் வாழும் ஹம் நகருக்குத் தெற்கே, சவர்லாண்ட் மலைகளில், தேவதாரு போன்ற ஊசியிலைக் காடுகள் சீப்பால் வாரியதுபோல் சரிந்து கிடந்தன. அங்கே ஒரு மலைக்கிராமத்தின் பக்கத்தில், விழுந்த மரங்களை அகற்றாமல் அப்படியே விட்டு, நடுவே ஒரு நடைபாதை அமைத்திருக்கிறார்கள். 1999 டிசம்பர் 26இன் லோதார் புயலுக்குக் கருங்காட்டில் இதேபோல் ஒரு பாதை உண்டு. கம்பத்துக்குப் பதிலாகக் காடு. விழுந்த மரங்கள் உக்க, இடையில் இளமரங்கள் எழுகின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகள், அவர்களோடு எமது பிள்ளைகளும், அதில் நடந்துபோகிறார்கள்.

ஆனாலும் குறித்துவைக்கும் இந்த நாடும் மறக்கத்தான் செய்தது. ஆர் என்ற சிற்றாறு 1804இல் பெருகி 63 பேரைக் கொன்றது. 1910இல் ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் புகையிரதப் பாதை போடவந்து கொட்டில்களில் தங்கியிருந்த வெளியூர்த் தொழிலாளர்கள். இங்கும் அதே கதைதான். வெள்ள அபாய வரைபடங்களுக்கான கணக்கில் 1947க்குப் பிந்திய அளவுகளே எடுக்கப்பட்டன. அதற்கு முந்திய இரண்டு வெள்ளங்களும் பழைய ஏடுகளில் கிடந்தன. 2016இல் ஆறு 3.71 மீற்றருக்கு வந்தபோது, இதுதான் நூற்றாண்டு வெள்ளம் என்று சனம் நினைத்தது. 2021 ஜூலை 14 இரவு, புயற்காற்று இல்லாமல் பேய்மழையாக வந்த வெள்ளம் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. 2016ஐ அளவாக வைத்து மணல்மூட்டை அடுக்கியவர்கள் இருந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இப்போது எமது ஊர்களில் அபாயச் செய்தி கைத்தொலைபேசியில் வருகிறது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி என்ற புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது, இளையவர்கள் அது எங்கே சுழல்கிறது என்பதைப் படத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே அது பின்னேரம். வெளியே கொரோனாக் கட்டுப்பாடு. எம்மில் பலருடைய வீடுகளில் தொலைபேசி ஓயாமல் அடித்தது. எழுபது தாண்டிய ஒரு மட்டக்களப்புத் தாய், ஊரிலிருக்கும் தங்கையின் மகனை அழைத்து, கிணற்றை மூடச் சொல்லி, மாட்டை அவிழ்த்துவிடச் சொல்லி, சிமினி விளக்குக்கு எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டு, காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். புயல் மட்டக்களப்புக்கு வராது பெரியம்மா, வடக்காலே போகிறது என்று அவன் படத்தைப் பார்த்துச் சொன்னான். அவர் கேட்கவில்லை.

"காத்து நிண்டுட்டெண்டு வெளியில இறங்காத மனே. மறுகா அங்கால பக்கத்தால வரும். அதுதான் பொல்லாதது."